அண்ணாச்சி என்றால் அண்ணன் இல்லை

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியில் ஜஸ்டினின் பல் லேபுக்கும் சீசன் தொடங்கிவிடும். மெயின் அருவிக்கு அடியில் போய் நின்றவர்கள், தலையில் தண்ணீர் வந்து அறைகிற சந்தோஷத்தில் வாயைப் பிளந்து கத்துவார்கள். பல் செட் கட்டியவராக இருந்தால் அடுத்த கணம் செட் வாயில் இருக்காது. கூட வந்தவர்கள் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் ஒரு பல் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். அவர் எடுத்த அச்சு, காய்ந்து சுருங்குமுன் ஜஸ்டினின் லேபுக்கு வந்து சேரும்.

"அண்ணாச்சி, அருவி கேஸு ஒண்ணு வந்திருக்கு," என்று குரல் கொடுப்பான் சுடலைராஜ். அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றுகிற வேலை அவனுடையது.

"நஸீபாட்ட குடு," என்பார் ஜஸ்டின். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

நஸீபா வடகரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். டென்டல் மெக்கானிக் படிப்பு முடித்த கையோடு இந்த லேபில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எடுத்த லீவு தவிர வேறு எங்கும் போனதில்லை. மெழுகில் பல் அடுக்குவதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முன்பல் ஆறையும் நூல் பிடித்த மாதிரி வைக்க மாட்டாள். ஒன்றைக் கொஞ்சம் சாய்ப்பாள், ஒன்றை மயிரிழை உள்ளே தள்ளுவாள். "வரிசையா இருந்தா கடையில வாங்குனதுன்னு பாக்கவனுக்குத் தெரிஞ்சிரும். கொஞ்சம் கோணினாத்தான் சொந்தப் பல்லு," என்பாள். அவள் செய்த செட்டைப் போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியில் பார்த்து, பழைய ஆளே திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுடைய கணவன் அஹ்சன் தம்மாமில் ஏசி பராமரிக்கும் கம்பெனியில் இருந்தான். வடகரையில் அது ஒரு செய்தியே அல்ல. பிழைக்கக் கடல் தாண்டுவதை அங்கே சபுர் என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் சபுரில் இருப்பார். நஸீபாவின் வாப்பா ஆதமும் அப்படித்தான், வயசெல்லாம் ஜித்தாவில் கழித்தவர். அங்கே தங்குவதற்கான இகாமா அட்டை முடிந்தால், எத்தனை வருஷம் உழைத்தவனானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவரும் கிளம்பி வந்தார். வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று பழகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் காலையில் போய்ச் சேர்ந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் வாப்பாவுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று தெரிந்திருக்கும் என்ற எண்ணம் நஸீபாவுக்கு அடிக்கடி வரும்.

அவளுடைய மகள் சஃப்ரின் அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பாவை வரையச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். செல்போன் ஒன்றை வரைந்து, அதற்குள் மீசை வைத்த முகம் ஒன்றைப் போட்டிருந்தாள். மாமியார் ஜாஹிரா பீவி அதைப் பார்த்துச் சிரித்தார். நஸீபாவும் சிரித்தாள். அந்தப் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் எதையோ தேடப்போய் அவள் அதைக் கண்டாள். ஆஸ்திரேலியாவில் ஆள் தேவைப்படும் தொழில்களின் பட்டியலில் பல் செட் செய்கிறவர்களும் இருந்தார்கள். தொழில் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. தேறிவிட்டால் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கலாம். கணவனையும் பிள்ளையையும் கூடவே கூட்டிப் போகலாம். கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள்.

அஹ்சனிடம் சொன்னபோது அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் போயி ஒன்னக் கூப்பிடணுமா?"

"இல்லங்க. நாந்தான் மெயின். நீங்களும் சஃப்ரினும் டிபெண்டென்ட்டு."

"அப்படின்னா?"

"என்னைய நம்பி இருக்கிறவங்கன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான், கோபப்படுவானோ என்று அவள் பயந்தாள். அப்புறம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அது இப்பமும் அப்படித்தானட்டி. கவர்மெண்டுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

ஜாஹிரா பீவி மட்டும் விடவில்லை. "மாப்பிள்ளை சபுர் போவான், பொண்டாட்டி வாசல்ல நின்னு அழுவா. அதான் பாத்திருக்கேன். பொண்டாட்டி சபுர் போயி மாப்பிள்ளை பின்னால பெட்டி தூக்கிட்டுப் போறத இனிமேதான் பாக்கணும்."

"பெட்டி கனமா இருக்கும் மாமி. அவியதான் தூக்கணும்," என்றாள் நஸீபா. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

ஆங்கிலத் தேர்வுக்கு அவள் பஸ்ஸிலேயே படித்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வயலையும் தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டே வாய்க்குள் ஆங்கிலம் பேசிக்கொண்டு வருகிறவளைக் கண்டக்டர் கொஞ்ச நாள் ஒரு மாதிரிதான் பார்த்தார். ஒரு தடவை தோற்றாள். அடுத்த தடவை வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. மிச்சமிருந்தது தொழில்திறன் மதிப்பீடு. இத்தனை வருஷம் எங்கே, என்ன வேலை செய்தாள் என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்த நாட்டுக்காரர்கள் அவளை வீடியோவில் கேள்வி கேட்பார்கள். முதலாளியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

வீடியோவில் அவள் நன்றாகத்தான் பேசினாள். மெழுகு, மேல்பல் கீழ்ப்பல் பொருத்தம், அளவு, பளபளப்பு எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னாள். கடைசியில், உன் வேலையைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார்கள். வாயில் பழகிய சொல்தான் வந்தது. "அண்ணாச்சி."

அது யார் என்று கேட்டார்கள்.

பதற்றத்தில் அவள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அப்படியே மொழிபெயர்த்தாள். "மை எல்டர் பிரதர், சார்."

சொன்னதுகூட அவள் நினைவில் நிற்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜஸ்டினுக்குப் போன் வந்தது. வெளிநாட்டு நம்பர் என்றதும் அவர் எழுந்து நின்றுகொண்டார். உள்ளே மோட்டார் சத்தம் அதிகம் என்று வாசலுக்குப் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"ஒரு மேடம் பேசுனாவ. அருமையான மேடம். ஒன்னையப் பத்தி நல்லா எடுத்துச் சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாங்க அண்ணாச்சி?"

"ஒங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன உறவுன்னு கேட்டாவ. நான் விடுவனா? ஷீ ஈஸ் மை டாட்டர் ஒன்லி, மேடம்னு போட்டேன் ஒரு போடு."

சுடலைராஜ் கைதட்டினான். நஸீபாவும் நெகிழ்ந்துதான் போனாள். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுவாரம் மின்னஞ்சல் வந்தபோதுதான் உறைத்தது. நஸீபா அதைச் சத்தமாக வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் தணிந்தது. விண்ணப்பதாரரைத் தன் மகள் என்று முதலாளி சொல்கிறார். முதலாளியைத் தன் மூத்த சகோதரர் என்று விண்ணப்பதாரர் சொல்கிறார். குடும்பத்தினர் தருகிற சான்றை ஏற்க முடியாது. இதற்கு விளக்கமும், உறவு இல்லை என்பதற்கு ஆதாரமும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இந்த லேபில் வேலை செய்த அனுபவம் கணக்கில் வராது.

ஜஸ்டின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு நீ மவ. ஒனக்கு நான் அண்ணன். அப்போ எனக்கு நான் யாரு?"

"ஒங்களுக்கு நீங்களே மவன் அண்ணாச்சி," என்றான் சுடலைராஜ், மாவுக்கையோடு கணக்குப் போட்டுப் பார்த்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் நஸீபா. அவளுக்கு இந்த லேபை விட்டால் வேறு அனுபவம் கிடையாது. அது கணக்கில் வராவிட்டால் புள்ளி போதாது. புள்ளி போதாவிட்டால் ஒன்றுமே இல்லை. அதோடு அஹ்சனின் கம்பெனி அந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தது. இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாயா, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறாயா? இரண்டு வருஷம் என்றால் சஃப்ரின் மூன்றாம் வகுப்பு. அதற்குள் செல்போனுக்குள் இருக்கிற முகத்துக்கு இன்னும் எத்தனை படம் வரைவாளோ.

உறவு இருக்கிறது என்று நிரூபிக்க ஊரில் ஆயிரம் வழி உண்டு. உறவு இல்லை என்று எப்படி நிரூபிப்பது? கிராம நிர்வாக அலுவலரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வாரிசுன்னா எழுதித் தருவேன். ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னாலும் விசாரிச்சு எழுதலாம். சொந்தம் இல்லன்னு எழுத எங்கிட்ட சீலே இல்லயே அண்ணாச்சி."

"பாருட்டி, இவரும் அண்ணாச்சிங்காரு," என்றார் ஜஸ்டின். "இவரயும் எந்தம்பின்னு எழுதிருவானுவ."

கடைசியில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் வழி சொன்னார். இருவரின் பள்ளிச் சான்றிதழ், தாய் தகப்பன் பெயர், மதம் எல்லாம் இணைத்து, ஜஸ்டின் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். வக்கீலே எழுதிக் கொடுத்தார். அதில் முக்கியமான வரி இதுதான்: மேற்படி நஸீபா எனக்கு இரத்தத்தாலோ திருமணத்தாலோ எவ்வித உறவும் உடையவர் அல்ல.

ஜஸ்டின் அதை வாங்கி வாசித்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை. "நாளைக்குப் போடுதேன்," என்று மடித்து மேசை டிராயரில் வைத்தார்.

நாளைக்கும் போடவில்லை. அதற்கடுத்த நாள் கோயம்புத்தூர் லோடு வருகிறது என்றார். அதற்கடுத்த நாள் தலைவலி என்றார். நஸீபா கேட்கவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஹ்சன் போனில், "அண்ணாச்சி போட்டுட்டாரா?" என்று கேட்டால், "போட்டுருவாரு," என்பாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

லேபில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. அது ஜஸ்டினின் மனைவி ஜெபமலர் உட்கார்ந்த இடம். டாக்டர்கள் அனுப்புகிற பல்லின் நிறத்தை மாதிரித் துண்டுகளோடு வைத்துப் பார்த்து இனம் பிரிப்பது அவள் வேலையாக இருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, அதில் யாரும் உட்காரவும் இல்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த நாட்களில், பெங்களூரில் இருக்கும் மகன் ஜோஷ்வா வந்து வந்து போனான். நஸீபா கூடவே இருந்தாள். தலை சீவிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். அந்த அக்கா பல் செட் இல்லாமல் யார் கண்ணிலும் பட மாட்டாள் என்பது தெரிந்து, டாக்டர் ரவுண்டு வருமுன் அதைக் கழுவி மாட்டிவிட்டாள். அது நஸீபா அடுக்கிக் கொடுத்த செட்தான்.

அவளைப் பற்றித்தான் ஜஸ்டின் ஒரு சாயங்காலம் பேசினார். சுடலைராஜ் போய்விட்டிருந்தான். வெளியே சாரல் காற்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"மலரை அடக்கம் பண்ணுன அன்னைக்கு, கோயில்ல குடும்பத்துக்காரங்க வரிசையில ஒன்னையக் கையப் பிடிச்சு இழுத்து நிப்பாட்டுனேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"ஒருத்தன் கேட்டான், முக்காடு போட்டு நிக்கிற பிள்ளை யாருன்னு. எம் மவதான்னு சொன்னேன். அவன் ஆதாரம் கேக்கல." டிராயரைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். "அன்னைக்கு அப்படிச் சொன்ன வாயி. இன்னைக்கு எவ்வித உறவும் இல்லன்னு கையெழுத்துப் போடச் சொன்னா எப்படிட்டி போடுவேன்? மேல இருந்து அவ பாக்க மாட்டாளா?"

நஸீபா பத்திரத்தை வாங்கினாள். அச்சில் எங்கே குறை என்று பார்த்துப் பழகிய கண் அது. வரியை மறுபடி பார்த்தாள்.

"அண்ணாச்சி, இத முழுசா வாசிச்சியளா?"

"வாசிச்சேன், வாசிச்சேன்."

"இரத்தத்தாலோ திருமணத்தாலோன்னுதான் எழுதியிருக்கு. வேற எதனாலயும் உறவு இல்லன்னு எழுதலயே."

ஜஸ்டின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"வக்கீலு தெரிஞ்சு எழுதுனானா, தெரியாம எழுதுனானா?"

"எப்படி எழுதுனா என்ன. சரியாத்தான எழுதியிருக்காரு."

அவர் ஜெபமலரின் நாற்காலியைப் பார்த்தார். அதை மேசைக்கு இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

கூடவே நஸீபா ஒரு விளக்கமும் எழுதினாள். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் அண்ணன் இல்லை. கடைக்காரர் அண்ணாச்சி, முதலாளி அண்ணாச்சி, வழி கேட்கிற முன்பின் தெரியாதவரும் அண்ணாச்சி. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வராது. மகள் என்று அவர் சொன்னது என் வேலையில் அவருக்குள்ள நம்பிக்கையை. இவ்வளவுதான் எழுதினாள்.

மறுபடி கூப்பிடுவோம் என்று பதில் வந்தது. இந்தத் தடவை ஒத்திகை நடந்தது. சுடலைராஜ் மாவு கலக்குகிற கிண்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டு மேடம் ஆனான்.

"ஹலோ, ஹூ ஈஸ் நஸீபா?"

"அவ நம்ம..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார் ஜஸ்டின். "மிஸ்ஸஸ் நஸீபா ஈஸ் மை எம்ப்ளாயி."

"டாட்டரா?"

"போலே, நோ டாட்டர்!"

"மேடத்தப் போயி போலேங்கியளே அண்ணாச்சி. விசா எப்படிக் குடுப்பாவ?"

உண்மையான போன் வந்த அன்று சாரல் பலமாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். நஸீபாவை வெளியே போகச் சொன்னார்கள். அவள் வாசலில் நனைந்தும் நனையாமலும் நின்றாள். உள்ளே அவர் மிஸ்ஸஸ் நஸீபா, மிஸ்ஸஸ் நஸீபா என்று சொல்வது கேட்டது. யாரோ அந்நியரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. பிறகு அந்த மேடம் நேராகவே கேட்டாள், அப்படியானால் அன்றைக்கு ஏன் மகள் என்று சொன்னீர்கள்?

ஒத்திகையில் இல்லாத கேள்வி.

"மேடம்," என்றார் ஜஸ்டின், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "இத்தனை வருஷம் கூட இருந்த ஒருத்தியை வெறும் வேலைக்காரின்னு எங்க ஊர்ல சொன்னா, அவ என்ன தப்பு செஞ்சான்னு கேப்பாங்க மேடம்."

பிறகு, அவள் என்னென்ன வேலை செய்வாள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான், ஜஸ்டினுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. அருவியில் பல்லைப் பறிகொடுத்த கதையைத் தொடங்கினார். வாயைத் திறந்து கத்துவது எப்படி என்று கத்தியே காட்டினார். திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அப்பா, மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு செட்டை அருவியில் விட்டதையும், நஸீபா வீட்டுக்கே போகாமல் செய்து கொடுத்ததில் அவர் பந்தியில் முறுக்குக் கடித்ததையும் சொன்னார். ஸ்பீக்கரில் அந்த மேடம் சிரிப்பது வாசல் வரைக்கும் கேட்டது. ஜஸ்டின் 'மிஸ்ஸஸ்' எல்லாவற்றையும் எப்போதோ விட்டுவிட்டிருந்தார். ஆனால் மகள் என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. வராமல் பிடித்து வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசிக்கு முன்பே முடிவு வந்தது. தொழில்திறன் ஏற்கப்பட்டது, அனுபவம் முழுவதும் கணக்கில் வந்தது. நஸீபா முதலில் ஜஸ்டினிடம் காட்டினாள். அப்புறம் அஹ்சனைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போடாதிய," என்றாள். "கிளம்பி வாங்க."

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலம் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று என்று அடுத்த சீசனும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காத்திருப்பில் அஹ்சன் வீட்டில் இருந்தான். தென்காசியில் ஏசி வேலை பார்த்தான். சஃப்ரினைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டான். அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அவன் முதுகில் ஏறிக்கொண்டு, போனில் இருந்தபோது நீங்கள் ஏன் இவ்வளவு உயரமாக இல்லை என்று கேட்டாள்.

விசா வந்தது. மூன்று பேருக்கும், நிரந்தரமாக.

கிளம்பிய அன்று தென்காசி ரயில் நிலையத்தில் காற்று சேலைகளையும் துப்பட்டாக்களையும் பறித்துக்கொண்டிருந்தது. பெரிய பெட்டியை அஹ்சன் தூக்கி வந்தான். "பாத்துக்கோங்க, நான் சொன்னேம்லா," என்றார் ஜாஹிரா பீவி யாரிடமென்றில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சஃப்ரின் டிக்கெட்டை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். அஹ்சன், நஸீபா, சஃப்ரின். மூன்று பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

அவர்கள் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டில் ஒரு அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்ற ஜஸ்டினைப் பார்த்தாள். அவர் கண் சிவந்திருந்ததையும் பார்த்தாள்.

"மவளை அனுப்பி வைக்கியளா அண்ணாச்சி? வெளிநாட்டுக்கா?"

ஜஸ்டின் நிமிர்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கோர்ட்டில் நிற்கிற தோரணையில் சொன்னார்: "இரத்தத்தாலும் இல்ல, திருமணத்தாலும் இல்ல."

அந்த அம்மா முறுக்கோடு விழித்தாள். சுடலைராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போனான். நஸீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ரயில் அசைந்தது. ஜஸ்டின் கம்பியை விடாமல் கூடவே நான்கு எட்டு நடந்தார்.

"ஆமாம்மா," என்றார் அந்த அம்மாவிடம். "மவதான்."